முப்பத்தொன்றாம் தேதி முற்றுகை

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது அண்ணன் டிரங்குப் பெட்டியோடு ஒரு புத்தகத்தையும் கொண்டுவந்தான். பழங்கால ரோமானியத் தளபதி ஒருவன் தன் படையெடுப்புகளைப் பற்றித் தானே எழுதியது. விளாத்திகுளம் பக்கத்து எங்கள் ஊரில் மிளகாய் வாங்க வருகிறவரைக்கூட அண்ணன் விடமாட்டான். உட்காரவைத்து நாலு பக்கம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவான்.

அம்மா போனபிறகு அவனும் தம்பியும் வீட்டின் நடுவே சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அப்பாவைப் பாதியாக்க முடியாதே. மாதம் மாற்றி மாதம் சோறு போடுவதாகப் பேச்சு. பேசி முடித்த பெரிய மனிதர்கள், மாதம் என்றால் முப்பது நாள் என்று சொல்லித் தொலைத்துவிட்டார்கள். முப்பத்தொன்றாம் தேதி வந்தால் ஒருவன் தன் முறை முடிந்தது என்பான். மற்றவன் ஒன்றாம் தேதிதான் தன் முறை என்பான். இரண்டு கதவும் சாத்தியிருக்கும்.

எனக்கு இது தெரியாது. நான் வாழ்க்கைப்பட்ட கோவில்பட்டியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போன ஒரு மே மாதக் கடைசி நாளில்தான் கண்ணால் பார்த்தேன். அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா. காலையிலிருந்து டீக்கடைக்காரர் கொடுத்த காப்பி மட்டும்தான். என்னோடு வரச் சொன்னேன்.

"மகனுவ ரெண்டு பேரு இருக்கையில நான் மக வீட்டுச் சோத்துக்கு வந்தா, ஊரு அவனுவளத்தான் பேசும்" என்றார். அப்போதும் அவன்களுக்குத்தான் வக்காலத்து.

ஜன்னலுக்குப் போய் அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் அசையவில்லை. நல்ல கட்டத்தில் வந்திருக்கிறாய், கேள் என்று வாசிக்கத் தொடங்கினான். தளபதி ஒரு மலைக்கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டான். உள்ளே தானியம் தீர்ந்துபோகிறது. சண்டைக்கு உதவாத கிழடுகளையும் பெண்களையும் பிள்ளைகளையும் கோட்டைக்காரர்களே வெளியே தள்ளிவிடுகிறார்கள். அந்தச் சனம் தளபதியின் அரண் அருகே வந்து, அடிமையாகவாவது எடுத்துக்கொண்டு சோறு போடுங்கள் என்று அழுகிறது. அவன் காவல் வைத்து, ஒருவரையும் உள்ளே விடவில்லை. இரக்கம் பார்த்தால் ஜெயிக்க முடியுமா என்று அண்ணன் என்னையே கேட்டான். சொந்தப் பாட்டனைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு பெருமை.

மரத்தடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஏலே, அந்தச் சனம் பொறவு என்ன ஆச்சு?"

அண்ணன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். "அத அவிய எழுதல. அடுத்தாப்ல குதிரைப்படை வருது."

"எழுதியிருக்க மாட்டான்" என்றார் அப்பா. எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுநாள் தம்பியின் முறை. அப்பாவைக் கேட்டு என் வீட்டுக்குப் போன் வரவில்லை. அடுத்த மாதம் அண்ணனின் முறை. அவனும் கேட்கவில்லை. அந்த இரண்டு ஒன்றாம் தேதியும் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பையை எடுத்து வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.