மாவிலை ஏறாத கண்டெய்னர்

திருவொற்றியூரில் ஒரு இட்லிப் பானைப் பட்டறையில் எனக்கு ஏற்றுமதி வேலை. மலேசியாவுக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்று படித்துச் சொல்ல வேண்டும். பட்டறையை நடத்தும் அக்கா பக்கத்து டோல்கேட் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். முதல் கண்டெய்னர் சிக்கலில்லாமல் வந்து சேர்ந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று மலேசியாவில் கிள்ளான் நகரத்து வியாபாரி கறாராகச் சொல்லியிருந்தார். அந்த ஆர்டரை நம்பித்தான் அக்கா புது மெஷினே வாங்கியிருந்தார்.

எனக்கோ அந்த விதிகள் மேல் கொள்ளை ஆசை. சாப்பாடு வேகிற பானை, அதன் எஃகைப் பற்றிக் கேட்கட்டும், நியாயம். ஆனால் பானைப் பெட்டிகளைத் தாங்கும் மரப்பலகையைக்கூடச் சூடுகாட்டி முத்திரை குத்தி அனுப்பு என்றது விதி. பலகைக்கு என்ன காய்ச்சலா, ஒத்தடம் கொடுக்க? விடாமல் தோண்டிப் படித்தேன். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் வண்டு அங்கே இறங்கி அவர்கள் காட்டைத் தின்றுவிடுமாம். ஒரு நாடு எதற்கெல்லாம் பயப்படுகிறது என்று தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அக்கா என்னையே மிஞ்சினார். லோடு ஏற்ற வந்தவர்களைச் செருப்பு மண்ணைத் தட்டிவிட்டு ஏறச் சொன்னார். "உள்ள ஒரு தூசு கீதுன்னு தெரிஞ்சிது, அவ்ளோதான்!" என்று மிரட்டினார்.

சரக்கு ஏறி முடிந்தது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம், பூசணிக்காய் உடைத்தோம். அதெல்லாம் வெளியே, எந்த விதியும் கேட்காது. வியாபாரிக்கு அனுப்புவதற்காகக் கதவு மூடும் முன் உட்புறத்தைப் படம் எடுத்திருந்தேன். டிரைவர் கதவுக்குப் போடும் சீலைக் கையில் எடுத்த நேரத்தில், வழக்கமான என் மூக்கை நுழைக்கும் புத்தியில், அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் கொக்கியில் பச்சையாக ஏதோ தொங்கியது. மாவிலைத் தோரணம்!

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். அனுமதியில்லாமல் ஒரு பச்சை இலை அங்கே ஆய்வில் கண்ணில் பட்டால் மொத்தச் சரக்கும் துறைமுகத்திலேயே நின்றுவிடும். "யாரு கட்டினது?" என்று லோடுக்காரர்கள் மேல் பாய்ந்தேன். அவர்கள் திருதிருவென்று முழித்தார்கள்.

"நான்தான் கட்னேன்," என்றார் அக்கா.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"பயமா இருந்துச்சும்மா. இன்னா பண்ண சொல்ற? மொத மொத போவுது. மாயிலை கட்டாம நான் எதையுமே ஆரம்பிச்சதில்ல. அது இன்னா, பூச்சியா?"

கதவைத் திறந்ததும் அவரே ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்தார். உதிர்ந்த இலை கிடக்கிறதா என்று நான் டார்ச் அடித்துத் தேடினேன்.

"அந்த ஊர்ல மாமரமே இல்லியா?"

"இருக்குக்கா. அதனாலதான் கேக்கறாங்க. நம்ம எலையில இருக்கற பூச்சி அவங்க மரத்துல ஏறிடக்கூடாதுல்ல."

அக்கா கீழே இறங்கினார். தோரணத்தைக் கொண்டுபோய் டிரெய்லரின் முகப்பில் கட்டினார். "ஆர்பர் கேட்டு வரைக்குமாவது கூட போவட்டும்," என்றார். சீல் போட்டு வண்டி கிளம்பியது. அது எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகம் போகும் லாரிகளின் வரிசையில் போய் நின்றது.

பிறகு ஒரு நாள் கிள்ளானிலிருந்து படம் வந்தது. பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அடுத்த லோடு எப்போது என்று வியாபாரி கேட்டிருந்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வழக்கம்போலப் படத்தைப் பெரிதாக்கினேன். வியாபாரியின் கிடங்கு வாசலில் மாவிலைத் தோரணம், அன்று பறித்தது போலப் பச்சையாக. போனை அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா படத்தை இன்னும் பெரிதாக்கினார்.

"அவங்க மரம் நல்லா கீது," என்றார்.