கோல் கம்பங்களுக்கு நடுவில்

பல்கலைக்கழக விடுதியில் எனக்கு இடம் கிடைத்ததும் அம்மா கேட்டார், "பிடோக்ல இல்லாதது என்ன அங்க இருக்கு?"

வளாகம் எங்கள் பிடோக் வீட்டிலிருந்து தீவின் இன்னொரு கோடியில் இருக்கிறது, போக வர ரயிலிலேயே மூன்று மணி நேரம் போய்விடும் என்று பதில் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து இரண்டு தங்கைகளோடு ஒரே அறையில் படுத்தவளுக்கு, நினைத்த நேரத்தில் விளக்கை அணைக்க ஒரு அறை வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

விடுதியை நாங்கள் ஹால் என்றுதான் சொல்வோம். அங்கே ஒரு விதி. அடுத்த ஆண்டும் அறை வேண்டுமானால் ஹாலுக்காக ஏதாவது செய்ய வேண்டும்: பாட்டு, நாடகம், விளையாட்டு, எதுவானாலும் சரி. பாட்டுக் குழுவில் என்னை ஒரு அடி பாடவிட்டு, நன்றி சொல்லி அனுப்பினார்கள். நாடகக் குழுவில் திரைச்சீலைக்கு மரம் வரையச் சொன்னார்கள். வரைந்து முடித்ததும், "குடை எதுக்கு?" என்று இயக்குநர் கேட்டார். பெட்டியைக் கட்டிக்கொண்டு பிடோக்குக்கே திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் நான் தேக்கா கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். அப்பாவுக்கு அங்கே தேங்காய், வாழையிலைக் கடை. லாரிக்காரர் மேலே நின்று தேங்காய்களை ஒவ்வொன்றாக வீச, நான் கீழே நின்று பிடித்து அப்பாவிடம் கொடுப்பேன். பள்ளியில் படிக்கும்போதே பழகிய வேலை. காய் வரும் வேகத்தோடு கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மணிக்கட்டு போய்விடும்.

அப்படிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் ஒருத்தி கையில் கறிவேப்பிலைக் கட்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஹாலில் என் மாடியிலேயே இருப்பவள், வீடு உட்லண்ட்ஸில், ஹாலின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கேப்டன். முக்காட்டோடு மைதானத்தில் அவள் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பேசியதில்லை.

"எத்தனை வருஷமா இதைச் செய்யிற?"

"சின்னதுலேர்ந்து."

"திங்கட்கிழமை டிரெய்னிங் வா."

"எனக்கு ஃபுட்பால் தெரியாதே."

"தெரிய வேண்டாம்லா. எங்களுக்குக் கீப்பர் இல்ல. நீ நின்னு புடிச்சா போதும்."

பந்து தேங்காயைவிட மெத்து. பிடிப்பது சிரமமாக இல்லை. விழுவதுதான் பயமாக இருந்தது. எட்டாத பந்துக்குப் பாய்ந்து விழ என் உடம்பு மறுத்தது. நான் தயங்கியதைப் பார்த்த கேப்டன் மறுநாள் மாலை எங்கள் மாடிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆளுக்கொரு மெத்தையை இழுத்துவந்து பேட்மிண்டன் தளத்தில் விரித்தார்கள். அதில் விழுந்து விழுந்து எழுந்தேன். ஒவ்வொரு முறை விழும்போதும் அவர்கள் கைதட்டினார்கள். ஒரு வாரத்தில் மெத்தைகளை எடுத்துவிட்டோம்.

ஹால்களுக்கு இடையிலான போட்டியில் முதல் ஆட்டத்திலேயே பந்து என் கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போய், நாங்கள் தோற்றோம். அன்று சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். கேப்டன் தேடிவந்து எதிரில் உட்கார்ந்தாள். "காலைச் சேர்த்து வை," என்று மட்டும் சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த மீனில் பாதியை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு என் கால்களுக்கு நடுவே எதுவும் போகவில்லை. முதல் சுற்றில் ஒரு தோல்வி யாரையும் வெளியே தள்ளாது; மற்ற ஹால்களை ஒவ்வொன்றாக வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரணி நான் ஹாலுக்கு வருவதற்கு முன்பிருந்தே கோப்பையை விடாமல் வைத்திருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில் கூட்டம் அலைமோதும் நாள். அதனால் வீட்டில் யாரையும் நான் கூப்பிடவில்லை. இடைவேளை முடிந்து திரும்பும்போது கோலுக்குப் பின்னால் வேலியோரம் அப்பாவும் அம்மாவும் நிற்பதைப் பார்த்தேன். தங்கைகளிடம் ஃபோனில் நான் சொன்னதை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டி நான் பார்த்ததே இல்லை.

ஆட்டம் முடிந்தும் இரு பக்கமும் கோல் இல்லை. பெனால்டி. இரு அணிகளும் மாறி மாறி அடித்து, எண்ணிக்கை சமமாகவே வந்தது. எதிரணியின் கடைசிப் பெண் வந்து நின்றாள். உயரமானவள், அடி பலமானவள். அவள் மூலையைப் பார்த்தாள், அங்கே அடிக்கமாட்டாள் என்று நினைத்தேன், அங்கேயேதான் அடித்தாள். யோசிக்க நேரமில்லை. உடம்பு தானாகப் பாய்ந்தது. புல்லில் விழுந்தபோது பந்து என் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது.

அடுத்து எங்கள் கேப்டன் அடிக்க வேண்டும். அவள் ஓடிவந்த ஓட்டத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வலை ஆடியது.

என் மேல் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை; சிரிப்பு நிற்கவில்லை. அந்த மைதானமே என்னுடையது போல இருந்தது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக வேலிப்பக்கம் ஓடினோம். "அங்கிள், நீங்க பிடிங்க," என்று கேப்டன் அதை அப்பா கையில் கொடுத்தாள். அவர் கடைச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எங்க வைப்பீங்கம்மா?"

"ஹால் வாசல்ல, கண்ணாடி அலமாரியில, அங்கிள்."

"உள்ள தள்ளி வைக்காதீங்க. ரோட்ல போறவங்களுக்கும் தெரியணும்," என்றார் அப்பா. அம்மா என் முழங்கையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.