செம்போத்துக் குஞ்சின் காலில் கம்பி

செம்போத்தை எங்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கம் யாரும் விரட்ட மாட்டார்கள். உடம்பு கறுப்பு, றெக்கை மட்டும் செங்கல் நிறம், கண்ணோ கோவைப்பழம். பறக்கச் சோம்பல்பட்டு, நிலம் அளக்க வந்த ஆள் மாதிரி முந்திரிச் சருகில் நடந்தே போகும். அதன் கூட்டில் சஞ்சீவி வேர் உண்டு என்பார்கள். குஞ்சின் காலைக் கட்டிப்போட்டால் தாய் அந்த வேரைக் கொண்டுவந்து கட்டை அறுக்குமாம். அதை அரைத்துப் பூசினால் முறிந்த எலும்பு கூடுமாம். கேட்கச் சுவையான கதை, அவ்வளவுதான் என்றிருந்தேன்.

போன மழைக்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த மச்சான் பைக்கில் விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தார். எலும்பு கூடவில்லை, மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்ல, மனிதர் முடியாது என்றுவிட்டார்.

"தள்ளிப்போட்டா காலு வெளங்காமப் போயிரும்ங்கிறாங்கடா. நீயாவது பேசு. அங்கிட்டு தோப்புலதான் நிப்பாரு" என்றாள் அக்கா.

முந்திரித் தோப்பில் ஒரு புதரோரம் கக்கத்துக் கட்டையை ஊன்றி நின்றிருந்தார்.

"சத்தம் போடாத மாப்ள."

புதருக்குள் பந்து மாதிரி ஒரு கூடு. உள்ளே, கறுத்த தோலில் வெள்ளை மயிர் சிலிர்த்த குஞ்சு. அதன் காலைச் சுற்றிக் கட்டுக்கம்பி, மறுமுனை கிளையில். கால் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது.  சிங்கப்பூரில் அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் ஆட்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்கிற பாதுகாப்பு வேலை பார்க்கும் மனிதர்!

"என்ன மச்சான் இது? கிறுக்கா புடிச்சிருக்கு ஒங்களுக்கு?"

"நேத்து கட்டுனேன். இன்னைக்கு வேர் வந்துரும். பேசாம நில்லு."

செம்போத்து வந்தது. வாயில் ஏதோ தொங்கியது. மச்சான் நகம் பதிய என் கையைப் பிடித்தார்.

அரணை. செத்த அரணை. அதைக் குஞ்சின் வாயில் திணித்துவிட்டுப் போய்விட்டது. கம்பியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"திரும்பி வரும்" என்றார்.

"வரும் மச்சான். இன்னொரு அரணையோட வரும்."

 கொஞ்ச நேரம் கழித்து அவரே கூட்டுக்குள் கையை விட்டார். பயந்த குஞ்சு அவர் சட்டையெல்லாம் நாற்றமாகப் பீச்சியடித்தது. துடைக்காமல் கம்பியைப் பிரித்தார். மடங்கிய விரல்கள் விரியவில்லை. கால் துணி மாதிரி தொங்கியது.

"கட்டுறப்ப நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள" என்றார்.  

குஞ்சைக் கூட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். பாதி வழியில் நின்றார்.

"அக்காட்ட இத சொல்லிராத. நீ பேசித்தான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டேன்னு சொல்லு."