கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் என் முகம்

என் அக்கா மகன் ஓட்டிய சின்ன விமானம் மழை மேகத்துக்குள் போய் ஒரு குன்றில் மோதியது. வடக்கே, அவன் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பள்ளிக்குப் பக்கத்தில். தனியாகத்தான் போயிருந்தான். உடல் வந்து சேர்வதற்கு முன்பே மதுரை கே.கே. நகரில் அக்கா வீட்டுத் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. எங்கள் ஊரில் இதற்கு மட்டும் தாமதமே கிடையாது. அவன் ஓட்டியது இரண்டு பேர் உட்காரும் விமானம். ஃப்ளெக்ஸில் பறந்ததோ முந்நூறு பேர் ஏறும் விமானம். ‘விண்ணை அளந்த வேங்கையே’ என்று மேலே ஒரு வரி. வேங்கை எந்தக் காலத்தில் பறந்ததோ தெரியாது. நடுவில் அவன், அவன் தோளில் கை போட்டபடி நான். தாய்மாமன் என்ற பவுசு. கீழே ‘இவண்’ என்று போட்டு வரிசையாகச் சொந்தக்காரர்களின் தலைகள்.

துக்கம் கேட்க வந்தவர்களைச் சொல்லவே வேண்டாம். சிம்மக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திறங்கிய என் பெரியப்பா மகன், மேகம் எத்தனை அடியில் இருந்தால் விமானம் ஏறலாம் என்று வக்கணையாக விளக்கினார். தூறல் போட்டால் ஸ்கூட்டரையே வெளியே எடுக்காத மனிதர். இன்னொருவர் அக்கா காதில் விழும்படியே, “பயலுக்குக் கொஞ்சம் துடுக்கு. மழையில எவனாச்சும் ஏறுவானா” என்றார். நாக்கில் நரம்பில்லாத கூட்டம். ஆளுக்கு இரண்டு காபி வேறு குடித்தார்கள்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அதையே கேட்டாள்.

“எம்புள்ள அம்புட்டு நெதானமானவன். அந்த மழையில அவன யாரு போகச் சொன்னது?”

பள்ளிக்காரர்கள்தான் என்றார்கள் எல்லோரும். நானும் தலையாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரவையில் ஒரு மண்டபத்தில் அவனுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலையில் என்னைப் போனில் கூப்பிட்டான்.

“மாமா, இங்க மழை. மேகம் ரொம்பக் கீழ எறங்கிக் கெடக்கு. இன்னைக்கு வேண்டாம்னு தோணுது. இந்த ஒரு ரவுண்டு முடிச்சாத்தான் லீவு தருவாங்க. நாளைக்கு முடிச்சுட்டுக் கெளம்புனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துருவேன். நிச்சயத்தச் சாயங்காலம் வச்சுக்கலாமா?”

“காலையில நேரம் போட்டு ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு மாப்ள. பரவைலருந்து நம்ம தெரு வரைக்கும் கட்டியாச்சு. இப்ப மாத்துனா ஊரு சிரிக்கும். லேசான மழைக்கே பயந்தா நீ என்னத்த பைலட்டு?”

அவன் சிரித்தான். “சரி மாமா, போறேன்” என்றான்.

மதுரையில் அன்று சுள்ளென்று வெயில். அந்த வெயிலில் நின்றுகொண்டு, எங்கேயோ பெய்த மழையை லேசான மழை என்று சொன்னவன் நான். பெரியப்பா மகனை நக்கலடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த ஆளாவது எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குக்கூடப் புதுப் படம் கொடுக்கவில்லை. நிச்சயதார்த்த ஃப்ளெக்ஸில் இருந்த அதே படம்தான். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அதிலிருந்த கல்யாணப் பெண்ணை மட்டும் எடுத்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பள்ளியிலிருந்து வந்த அவன் சாமான்களில் போனும் இருந்தது. அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அக்கா அதை என் முன்னால் நீட்டினாள்.

“கடைசியா ஒங்கிட்டதான்டா பேசிருக்கான். என்னடா சொன்னான்?”

சொல்லிவிட்டேன். அவன் சொன்னதையும் நான் சொன்னதையும், ஒரு சொல் விடாமல்.

அவள் அழவில்லை. என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை.

“தெருமுனையில நிக்கிற ஒன் மூஞ்சிய மொதல்ல எறக்கு” என்றாள். “எம்புள்ள மட்டும் இருக்கட்டும்.”

கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூல் போட்டு ஏறி, என் தலையை அறுத்தேன், உடம்பை அறுத்தேன். அவன் தோளில் கிடந்த என் கையை மட்டும் எடுக்க முடியவில்லை. அதை அறுத்தால் அவன் தோளும் சேர்ந்துதான் வரும்.