தெளிவாக இருந்திருக்க வேண்டிய குழாய்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் நடந்தது இது. சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியை. வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அப்போது எனக்கு எட்டாவது மாதம். கணவர் துபாயில் வேலையில் இருந்தார். தேர்வை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் லீவு போடுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். அந்த மாதத்து செக்கப்பைக்கூடத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

கால் இரண்டும் வீங்கி, என் செருப்பு நுழையவில்லை. தம்பியின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தேன். உம்மா கேட்டபோது, பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வருவதால் என்றேன். தலைவலிக்கு, தூக்கம் போதவில்லை என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

அன்றைய பாடம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. சோதனை எளிதுதான். குழாயின் மேல்பகுதியைத் தீயில் காட்டினால், புரதம் இருந்தால் முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுத்துத் திரளும். இல்லையென்றால் தெளிவாகவே இருக்கும். வழக்கமாகச் சிறுநீருக்குப் பதில் டீத்தண்ணீரை நீர்க்கக் கலந்து ஒப்புக்கு வைத்துவிடுவோம். பிள்ளைகள் அசலையே பார்க்கட்டுமே என்று அந்த முறை எனக்குத் தோன்றியது. என்னுடையதையே ஒரு பாட்டிலில் எடுத்து, லேப் உதவியாளராக இருந்த அக்காவிடம் கொடுத்தேன். யாருடையது என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அதில் பாதியை அவர் வேறு பாட்டிலில் ஊற்றி, முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து வைத்தார். ஆக, முதல் பாட்டில் தெளிவாக இருக்க வேண்டும், இரண்டாவது வெளுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு உற்சாகமாகத்தான் விளக்கினேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளச் சங்கிலி. அது சும்மா கிடக்காது, தனக்கென்று ஒரு விதமாக மடிந்து சுருண்டு இருக்கும். அந்த வடிவம் இருந்தால்தான் அதனால் வேலை செய்ய முடியும். சூடு பட்டால் மடிப்பெல்லாம் பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அவித்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியுமா என்று கேட்டேன், சிரித்தார்கள். ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது அல்புமின்தான், நல்ல சிறுநீரகம் அதை வெளியே விடாது என்றும் சொன்னேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலோடு நின்றுதான் இதையெல்லாம் சொன்னேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி இரண்டு குழாய்களையும் தூக்கிக் காட்டினாள்.

“டீச்சர், ரெண்டுமே வெள்ளையாத்தான் வருது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தனை பிள்ளைகள் முன்னாலும் லேப் அக்காவைப் பார்த்து, “முட்டை கலக்குன கரண்டியையே இதுலயும் விட்டீங்களா? ஒரு பாட்டிலைச் சுத்தமா வைக்கத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டேன். பதினோரு வருடமாக அந்த லேபில் இருப்பவர். அவர் முகம் சுண்டிப்போனது.

மணியடித்துப் பிள்ளைகள் போன பிறகு நான் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். அவர் புதுக் குழாய் ஒன்றை எடுத்து, வெந்நீரில் அலசித் துடைத்து, முதல் பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஊற்றி மறுபடி சூடு காட்டினார். வெளுத்தது.

பாஸ்பேட் இருந்தாலும் இப்படி வெளுக்கும், அசிட்டிக் அமிலம் விட்டால் கலைந்துவிடும் என்றேன். அது உண்மையும்கூட. உண்மையாக இருக்க வேண்டுமே என்று நான் ஆசைப்பட்டதும் உண்மை. அவர் ஒவ்வொரு சொட்டாக அமிலத்தை விட்டார். மூன்று சொட்டு, நான்கு சொட்டு. கலையவே இல்லை.

“டீச்சர், டியூப்ல தப்பு இல்ல,” என்றார் மெதுவாக. “உங்க காலைப் பாருங்க. வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

நோட்டை முடித்துவிட்டுச் சாயங்காலம் போகிறேன் என்றேன். அவர் என் முன்னால் இருந்த நோட்டுகளை அள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆட்டோவையும் அவரே கூப்பிட்டார்.

ஆட்டோவில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதிய வரிகள் எல்லாம் என் உடம்பைப் பற்றியவையாக இருந்தன. பிள்ளையின் அசைவு தெரிகிறதா என்று வயிற்றில் கையை வைத்தபடியே இருந்தேன்.

அரசு மருத்துவமனையில் நர்ஸ் ஒரு கையில் பிரஷர் பார்த்தார். உடனே மறு கையிலும் பார்த்தார். தலைவலி எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியதால்தான் புரதம் வெளியேறுகிறது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார். ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். லேப் அக்கா கூடவே ஏறிக்கொண்டார். உம்மாவுக்குப் போன் போட்டு, நான் கூட இருக்கேன், பயப்படாம நேரே திருநெல்வேலிக்கு வந்திருங்க என்று சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பேசாமல் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார். உம்மா வந்து சேர்ந்த பிறகுதான் பனவடலிசத்திரத்துக்கு, தன் வீட்டுக்கு பஸ் ஏறினார்.

மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். கையளவுதான் இருந்தாள். சில வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து கொடுத்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் இப்போது யு.கே.ஜி. போகிறாள், சாப்பிட வைப்பதுதான் பெரும்பாடு.

லீவு முடிந்து நான் திரும்பியபோது அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருந்தார்கள். யார் முன்னால் அவரைத் திட்டினேனோ அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வழியில்லாமல் போனது. அதனால் புது வகுப்பில், அவரையும் வைத்துக்கொண்டு, நான் திட்டியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலைநிமிராமல் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“பிள்ளைககிட்ட இதையெல்லாம் எதுக்கு டீச்சர் சொல்லுதிய? அன்னைக்கு எனக்கு வருத்தம்தான். திரும்பக் கழுவிப் பாத்தது உங்களுக்காக இல்ல. என் கை சுத்தம்னு எனக்குத் தெரியணும்லா, அதுக்குத்தான்.”

படித்த படிப்பு என் காலைக் குனிந்து பார்க்க வைக்கவில்லை. தன் வேலையின்மேல் ஒருவருக்கு இருந்த ரோசம் பார்க்க வைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், இப்போதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருக்கிறது.