வலை போடாத பாடு

அந்தக் கார்த்திகைக் காலையில் அண்ணியின் தோளில் மண்வெட்டி இருந்தது. பின்னால் என் அண்ணன் வலையைச் சுமந்துகொண்டு வழியெல்லாம் முணுமுணுத்தபடி வந்தான். அண்ணிக்கும் நாத்தனாரான எனக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அவளுடைய பிடிவாதத்துக்கு நான் வைத்திருந்த பெயர்களை நாலு பேர் நடுவில் சொல்ல முடியாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. மடவை மீன் ஏரியில் வளர்ந்தாலும் முட்டையிடக் கடலுக்குத்தான் போக வேண்டும். வாடைக்காற்று அடித்து, கடலின் நீரோட்டம் தெற்கே திரும்பிவிட்டால் அதற்கு ஏரியில் இருப்புக்கொள்ளாது. வழி கிடைக்காத மீன்களெல்லாம் மணல்மேட்டின் உட்பக்கம் முட்டை வயிற்றோடு குவிந்து கிடந்தன. அலை மேட்டைத் தாண்டித் தெறித்த இடங்களில் அந்த உப்புத்தண்ணீருக்காக ஒன்றின்மேல் ஒன்று ஏறின. யார் எந்த இடத்தில் எப்போது வலை போடலாம் என்று எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்போம். அன்று முகத்துவாரத்தின் பாடு எங்கள் வீட்டுக்கு. அண்ணனின் கட்டுமரத்தைப் புயல் கொண்டுபோயிருந்தது. அந்த மீனை அள்ளினால் புதுக் கட்டுமரம் கட்டிவிடலாம். கப்பலுக்காக உப்பிட்டுப் பீப்பாயில் அடைக்க, எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, கடல் தாண்டி வியாபாரத்துக்கு வந்த ஒல்லாந்தரின் கோட்டையிலிருந்து ஆள் வேறு வந்து நின்றான். அண்ணியோ மணல்மேட்டை வெட்டி மீனைக் கடலுக்கு விடக் கிளம்பியிருந்தாள்.

“பாதிய புடிச்சிட்டு மீதிய உட்ரலாமே” என்று அண்ணன் கெஞ்சினான்.

“பாதினு எறங்கினவன் எவன் பாதியில கரையேறியிருக்கான்?” என்றாள் அண்ணி. “கடலுக்குப் போவலைன்னா முட்டை வயித்துலயே கரைஞ்சிரும். அப்பால ஏரியில இன்னாத்த புடிப்ப?”

ஊர்ப் பெரியவர்கள் அதட்டிப் பார்த்தார்கள். அவள் மண்ணை வெட்டிக்கொண்டே பதில் சொன்னாள்: “எங்க பாடு. வலை போட்டே ஆவணும்னு எவனும் சொல்லல.” முறையை வைத்ததே அவர்கள்தான், மேட்டைவிட்டு இறங்கிப் போனார்கள். நான் திட்டிக்கொண்டேதான் இன்னொரு மண்வெட்டியை எடுத்தேன். அண்ணனும் வலையைக் கீழே போட்டுவிட்டு வந்தான். அன்று அமாவாசை. கடல் ஏறியதும் நாங்கள் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் உள்ளே பாய்ந்து கரையை அரித்துக்கொண்டது. அந்த வேகத்தை எதிர்த்து மடவைகள் கூட்டம்கூட்டமாகக் கடலுக்குள் போயின. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. எங்கள் கட்டுமரமே நீந்திப் போவதுபோல இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சேற்றில் கையால் துழாவிப் பிடித்த நண்டுதான் எங்களுக்குச் சோறு. மாசியில் பொடிக்குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்தன. அவை வளர்ந்தபோது பாடு வேறு வீட்டுக்குப் போயிருந்தது. அண்ணியைப் பைத்தியம் என்றவர்களே கூடைகூடையாக அள்ளினார்கள். நான் அண்ணியிடம் போய்ப் புலம்பினேன். அவளோ, “மீனு இருக்கறதாலதானே புடிக்கிறாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் மறுபடி கட்டுமரம் கட்டச் சில வருஷங்கள் ஆயின.

அண்ணி இப்போது இல்லை. இந்த வருஷமும் மழை இல்லை, முகத்துவாரம் தூர்ந்து கிடக்கிறது. நாளைக்குப் பாடு என் மகனுக்கு. கோட்டையிலிருந்து ஆள் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான். மகன் வலையைப் பிரித்துப் போட்டு, “ஒரே ஒரு தபாம்மா” என்கிறான்.

“போடு” என்றேன். “நான் மேட்டுல மண்ணு வெட்டினுதான் இருப்பேன். வலைய வீசறதுன்னா என் மேல வீசுடா.”