ஸோரிமெல் என்று ஒரு பந்தய நாய்

அட்ராக்டா டூமி பிறந்தது மேக்ரூம் என்ற சிற்றூரில், வாய் ஓயாத குடும்பத்தில். நர்ஸாக இருந்துவிட்டு, கார்க் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் மருந்து கம்பெனிக்கு வந்து என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். அவள் வேலை, கம்பெனியின் வாயைக் கட்டுவது. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கிடைக்கும் மாத்திரையைப் பற்றிப் பொதுமக்களுக்குக் கம்பெனி ஆசை காட்டக் கூடாது, சட்டம் அப்படி. யாராவது போனில் கேட்டால் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உள்ளதைச் சொல்லலாம். "நல்ல மாத்திரையா?" என்று கேட்டால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஒரு வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் 'நலமுடன் வாழ்க' என்றிருந்ததை அடித்துவிட்டாள். "நாம எப்படி உறுதி குடுக்கறது?"

அவளுக்குச் சோதனை மாஸி கெலிஹர் என்ற விவசாயி ரூபத்தில் வந்தது. கால் கட்டைவிரல் வீங்கித் துடித்துக் கிடந்த அவருக்கு எங்கள் ஸோரிமெல் மாத்திரை கேட்டது. நன்றி மிகுதியில் தன் பந்தய நாய்க்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். அது யால் ஊர்ப் பந்தயத்தில் ஜெயித்ததும், 'ஸோரிமெல்லை மிஞ்ச எதுவும் இல்லை' என்று ஃபேஸ்புக்கில் போட்டார். அவர் பொதுஜனம், எதையும் போடலாம். ஆனால் எங்கள் மேலாளர் டொனகா அதற்கு லைக் போட்டார். கம்பெனி ஆள் விரல் வைத்தால் அது விளம்பரம். போட்டிக் கம்பெனி உடனே மருந்து விளம்பரங்களைக் கண்காணிக்கும் குழுவுக்குப் புகார் எழுதியது.

"நாய்க்குத்தானே லைக் போட்டேன், அட்ராக்டா!"

"அந்த நாய் பேரென்ன, சொல்லுங்க பாப்போம்."

"ஸோ..."

"வேணாம்! ஜன்னல் தொறந்திருக்கு."

லைக்கை எடுக்கவைத்த கையோடு மாஸியின் பண்ணைக்குப் புறப்பட்டாள். காரை நான்தான் ஓட்டினேன்.

"பேர மாத்தச் சொல்லி வந்தியாம்மா? பதிஞ்சாச்சு, மாத்த முடியாது" என்றார் மாஸி.

"அந்த உரிமை எங்களுக்குக் கெடையாதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தப் பேர் வச்சதுக்கு எங்க கம்பெனி உங்களுக்கு ஏதாவது குடுத்துச்சா? தொப்பி, கோப்பை?"

"ஒரு பேனா கூடத் தரல, கஞ்சப் பயலுக!"

அட்ராக்டா முகம் அன்று மலர்ந்தது போல நான் பார்த்ததே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பந்தயத்துக்கு வரச்சொன்னார். போனோம். நாய் வளைவில் முந்தியதும் அட்ராக்டா எழுந்து நின்று கத்தினாள்: "ஓடு! நாலாம் நம்பரே, ஓடு!"

"பேரச் சொல்லிக் கூப்புடும்மா, அப்பத்தான் காலு வேகமா போகும்!"

"நீங்க கூப்புடுங்க. எனக்கு வேலை இருக்கு, அது போயிடக் கூடாது."

திங்கட்கிழமை மாஸி போன் செய்தார். "ஸோரிமெல் மோசம்மா. ஒரே வாந்தி, நடக்கவும் முடியல."

அவளுக்கு வியர்த்தது. மருந்தால் கெடுதல் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே கம்பெனியின் மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லியாக வேண்டும்.

"நாயா, மாத்திரையா?"

"நாய்தாம்மா."

"மாத்திரைய அதுக்குக் குடுத்தீங்களா?"

"என் மாத்திரைய நான் ஏன் அதுக்குக் குடுக்கறேன்? வாணலியில இருந்த பன்னிக்கறிய மொத்தமா தின்னுடுச்சு."

அட்ராக்டா பெருமூச்சு விட்டாள். "உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன! லேசா தலை சுத்துது, அவ்வளவுதான்."

பேனாவை எடுத்துவிட்டாள். எப்போதிலிருந்து, உட்கார்ந்தாலா எழுந்தாலா, வேறென்ன சாப்பிட்டார் என்று துருவினாள். நாய்க்குக் காவல் இருந்தபோது விஸ்கி பாட்டில் காலியானது கடைசியில்தான் தெரிந்தது. அதையும் சேர்த்து எழுதி அனுப்பினாள்.

போட்டிக் கம்பெனியின் புகார் செல்லும் என்று தீர்ப்பானது. டொனகா மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். எங்கள் எல்லோருக்கும் அட்ராக்டாவே வகுப்பு எடுத்தாள். அந்த நாயைக் கடைசிவரை 'சம்பந்தப்பட்ட விலங்கு' என்றே குறிப்பிட்டாள்.

வயிறு சரியான பிறகு விலங்கு பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை. அந்தப் பருவம் முழுக்கத் தோற்றது. மாஸி இடிந்துபோனார். அட்ராக்டா வெள்ளி தவறாமல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் வாங்கிக் கொடுத்தாள். ஆறுதலாகத்தான் பேசுவாள். ஆனால் நாய் கடைசியாக வந்து சேரும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். தோற்ற நாயை யாரும் ஃபேஸ்புக்கில் போடுவதில்லை.